மாதேரானின் செம்மண் தடத்தில் குதிரையும் குதிரைக்காரரும்

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ள மலைநகரமான மாதேரானுக்குள் ஆம்புலன்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மலையடிவாரத்து ஊரான நேரலிலிருந்து ஏறிவரும் கார்கள் தஸ்துரி நாக்காவிலேயே நின்றுவிடுகின்றன. 1850இல் தாணே ஆட்சியர் மாலெட்டின் கண்ணில்பட்டு, 1907இல் மலை ரயில் வந்து, 2003இல் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரில், ஆளையும் அரிசி மூட்டையையும் சுமந்த குதிரை இன்றும் பிழைப்புக்குரிய விலங்காகவே இருந்துவருகிறது.

பனோரமா, லூயிசா, எக்கோ என்னும் காட்சிமுனைகளுக்கு நண்பர்கள் இருவராகச் சேர்ந்து குதிரையில் செல்வது இங்கு வழக்கம். அவர்களுக்கு இரண்டு குதிரைகளைத் தேர்ந்து தரும் குதிரைக்காரரின் முடிவில்தான் அப்பயணத்தின் நலம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. குதிரை கூட்டமாக வாழும் இயல்புடையது. ஆபத்தென்று தோன்றினால் எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்பவே முனையும். ஆகவே ஒன்றோடொன்று பழகிய குதிரைகளையே அவர் இணைக்கிறார்; அவற்றுள் எளிதில் மிரளாததை முன்னால் விட்டு, அதைப் பார்த்துத் தைரியம் கொள்வதைப் பின்னால் விடுகிறார். முன்னால் செல்லும் குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்தால் அது பின்னதன் நெருக்கத்தை வெறுக்கிறது என்று பொருள். முன்னது உதைக்கக்கூடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும். சேணத்தில் அமர்ந்தவர் தம் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே நோக்கும்போது முன்குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிந்தால் அந்த இடைவெளி சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.

ஒருவர் பாய்ச்சலில் கிளம்பினால் மற்றவரின் குதிரையும், ஏறியிருப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பின்தொடர்ந்து ஓடும் என்பதால், இருவருள் பழக்கம் குறைந்தவரின் திறனே இருவரின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. ஒருவர் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், கால்வைத்து ஏறி முடிக்கும்வரை மற்றவர் நகரக்கூடாது என்ற விதியும் இதே காரணத்தால் வந்ததே.

இத்தனைக்கும் அடிப்படை குளம்பு. அதைப் பேணும் லாடக் கைவினைஞரை வடபுலத்தில் நால்பந்த் என்பர். குளம்பின் வெளிச்சுவர் நகத்தைப் போன்றே கெரட்டினால் ஆனது. அதில் உணர்ச்சி இல்லை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். எனவே 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த பகுதியைச் சீவி, அரத்தால் சமன்செய்து, மீண்டும் லாடம் கட்ட வேண்டும். கரடுமுரடான தடத்தில் உழைக்கும் குதிரைக்கு இன்னும் முன்னதாகவே இது தேவைப்படலாம். குதிரைக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்துக் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க, காலை மடக்கித் தூக்கிய கைவினைஞர் குளம்பின் அடியில் ஓடும் வெண்கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆணியை வைக்கிறார். அக்கோட்டுக்கு உள்ளே உயிர்த்திசு இருப்பதால் ஆணி அதற்கு வெளியே சுவரில் மட்டுமே இறங்க வேண்டும். ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்ட முனை ஆணியைச் சிறிது சிறிதாக வெளிப்புறம் திருப்ப, அது குளம்பின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிறது. நீட்டிய நுனியை முறித்து, மிச்சத்தை மடக்கித் தட்டிப் பதிக்கிறார். கெட்டியான சுவரில் ஏறும் ஆணி சுத்தியலுக்கு உறுதியான ஓசை தரும். அத்திசுவை நோக்கி விலகினால் ஓசை மந்தமாகும், குதிரையும் காலை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் இவ்வேலையைக் காதால் அறியும் திறன் நெடுநாள் பழக்கத்தால் மட்டுமே வருவது. அதற்குரிய மதிப்பை அது இன்னும் பெறவில்லை.

லாடத்துக்கு அடுத்தது மண். மாதேரானின் செம்பாறை மண், அதாவது இரும்புச்சத்து மிகுந்த நுண்துளைகள் கொண்ட லேட்டரைட், லாடத்துக்குப் பிடிப்புத் தருகிறது. மழையில் அரிக்கப்பட்டும் போகிறது. அரிப்பையும் புழுதியையும் தடுக்கப் பாதையில் கற்கட்டிகள், அதாவது பேவர் பிளாக்குகள், பதிக்கப்பட்டபோது, அவற்றின் வழவழப்பில் குதிரைகள் சறுக்குகின்றன என்று குதிரைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். குளம்பின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இக்கூற்றின் நியாயம் எளிதில் விளங்கும். கற்கட்டியும், மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவுக்கு மாற்றாக வந்த மின்ரிக்‌ஷாவும் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றம், மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவை ஆறு மாதங்களுக்குள் முடிவுக்குக் கொண்டுவருமாறு பணித்ததோடு, தஸ்துரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலைவரையிலான முதன்மைப் பாதையில் கற்கட்டிகளை அனுமதித்து, உட்புறத் தடங்களில் அவற்றைப் பதிக்கக்கூடாது என்றது.

மனிதர் மனிதரை இழுக்கும் கொடுமை ஒழிவது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாக்காவுக்கும் கடைத்தெருவுக்கும் இடையிலான சவாரிகள் மின்ரிக்‌ஷாவுக்குப் போகப்போக, மழைக்காலத்தில் வருவாய் குன்றினாலும் தீவனச் செலவு குறையாத குதிரைக்காரருக்கு, முனைகளை நோக்கிச் செல்லும் தடங்களே மிஞ்சுகின்றன. ஆகவே அத்தடங்களில் மண் அரிப்பைத் தடுக்கும் வழிகள் வகுக்கப்படும்போது, எந்த வளைவில் மழைநீர் பாய்கிறது, எந்தச் சரிவில் லாடம் வழுக்குகிறது என்பதை நாள்தோறும் நடந்து அறிந்த இவர்களையும் லாடக் கைவினைஞர்களையும் அழைத்துக் கேட்பது இன்றியமையாதது.