ஏழிலிருந்து எட்டரை வரை

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

பெங்களூரிலிருந்து பேசியபோது, போனைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டப் போவதாகச் சொன்னாய். கூடவே, 'எனக்கு மனஉறுதி கிடையாதுக்கா' என்றும் அலுத்துக்கொண்டாய். மனஉறுதியை ஏன் இதில் இழுக்கிறாய்? போன் திரையை விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். வாரப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. இதில் அதைக் கிழித்தே கொடுத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் ஒற்றை ஆளாக அதோடு மல்லுக்கட்டினால் நீயா ஜெயிப்பாய்?

நம் மீனாட்சி கோயிலுக்குள் 2018-லிருந்து போன் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுக்காத ஆள் இல்லை, நம் சித்தப்பா உட்பட. இப்போது பொற்றாமரைக் குளத்துப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒருவருக்கும் கை துறுதுறுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கையிலும் இல்லையே! (பிரசாதம் வாங்கப் போய், பையில் ரொக்கம் இல்லாமல் அத்தான் விழித்தது தனிக் கதை.)

இதே மாதிரி இன்னொன்று கேள். மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கையில் போன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. 2022-இல் ஊரே கூடி முடிவெடுத்தது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். எட்டரை வரை போன், டிவி எல்லாம் அணைந்துவிட வேண்டும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் போனை நோண்டுகிற கதை அங்கே நடக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

அதனால், நீ மட்டும் விரதம் இருக்காதே. அறையில் கூட இருக்கிற பையன்களையும் இழு. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் ஒரே அலமாரிக்குள் போகட்டும். வாரக்கணக்கில் மூடி வைக்கிற யோசனை வேண்டாம். சம்பளம், வாடகை, ஓடிபி எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது? கடையில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். எழுப்புவதற்கு என்று தலைமாட்டில் போனை வைத்தால், எழுந்ததும் கை முதலில் அங்கேதான் போகும்.

எந்த நேரத்தில் எடுக்க மாட்டாய் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ரெண்டு தடவை அடித்து நீ எடுக்காவிட்டால், பெங்களூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

இங்கேயும் ஏழிலிருந்து எட்டரை வரை மூடி வைப்போமா என்று அத்தானைக் கேட்டேன். கிரிக்கெட் இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்கிறார். அப்படியொரு நாள் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா