பெடலிலும் பொருத்தம் பார்க்க வேண்டும்

சைக்கிள் வாங்கப் போனால் கலர் பார்ப்போம், கியர் எத்தனை என்று கேட்போம், சீட்டை அமுக்கிப் பார்ப்போம். பெடலை யார் பார்க்கிறார்கள்? 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த காலந்தொட்டு நம் வீடுகளில் பழகியது ரப்பர் கட்டை வைத்த அகலப் பெடல். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அவர்கள் மிதித்ததும் அதைத்தான். செருப்போ வெறுங்காலோ, வைத்த இடத்தில் நிற்கும்.

என் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, தன் ரேஸ் சைக்கிளைக் குன்றத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "அக்கா, நீயே வச்சுக்கோ. துருப்பிடிக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். சீட்டைக் கொஞ்சம் இறக்கினால் போதுமாக இருந்தது. ஆனால் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டு. ஒரு பக்கம் மட்டும் வாய் பிளந்தாற்போல ஒரு பிடி. செருப்புக் காலை வைத்தால் வழுக்குகிறது.

இதற்கு 'க்ளிப்லெஸ்' பெடல் என்று பேர். வேடிக்கையான பேர்தான். க்ளிப் இல்லை என்று பெயர், வேலையோ காலைக் கவ்விப் பிடிப்பது! முன்பெல்லாம் பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கம்பிக் கூண்டு மாட்டி, அதற்குள் காலை நுழைத்து வாரால் இறுக்கிக் கொள்வார்கள். அந்தக் கூண்டுதான் க்ளிப். பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பிடி செய்துவந்த 'லுக்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1984-ல் கூண்டை எடுத்துவிட்டு, ஷூவின் அடியில் ஒரு தகடு, பெடலில் அதைக் கவ்வும் ஸ்பிரிங் என்று கொண்டுவந்தது. மறு வருஷமே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்தார். அடியில் திருகும் அந்தத் தகட்டுக்குத்தான் 'க்ளீட்' என்று பெயர். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் 'டக்' என்று விடுபடும்.

இதைச் சொன்னதும் என் கணவர் முகம் மாறிவிட்டது. ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அந்த ரோட்டை நன்றாகத் தெரிந்தவர். "கால் மாட்டிக்கிட்டு நீ சாய்ஞ்சா, பின்னாடி வர்ற கன்டெய்னர்காரன் என்ன பண்ணுவான்? சின்னவனுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது" என்றார். பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடிகாலையிலேயே கம்பெனி பஸ்களும் லாரிகளும் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. ஓரமெல்லாம் ஜல்லியும் மணலும். ஆனால் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாடி ஏறினாலே முட்டி முணுமுணுக்கிறது. நடையைவிட சைக்கிள் முட்டிக்கு இதம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். விட்டுவிடவும் மனமில்லை.

ஆகவே கால் எவ்வளவு கெட்டியாக மாட்டும் என்று நான் பார்க்கவில்லை. எவ்வளவு சுலபமாகக் கழலும் என்பதைத்தான் பார்த்தேன்.

தம்பியின் பெடல் மூன்று திருகு க்ளீட்டுக்கானது. ரோட்டு சைக்கிளுக்கு இதுதான் வழக்கம். க்ளீட் பெரிய பிளாஸ்டிக் தகடு. ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். நடந்தால் வாத்து நடைதான். கல்தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும். மாட்டுவதும் ஒரு பக்கம்தான்; சிக்னலில் பச்சை விழுந்ததும் கீழே குனிந்து பெடலைப் புரட்ட வேண்டியிருக்கும். பின்னால் ஹாரன் அடிக்கிற நேரத்தில் இது ஆகிற காரியமா?

இன்னொன்று இரண்டு திருகு க்ளீட். ஷிமானோ 1990-ல் மலைப்பாதை சைக்கிளுக்கென்று கொண்டுவந்த எஸ்.பி.டி. முறை. சின்ன இரும்புத் தகடு, ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிடும். டீக்கடையில் இறங்கி நடக்கலாம், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வரலாம். பெடலின் இரண்டு பக்கமும் மாட்டும். மழை பெய்த மறுநாள் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கச் சேற்றில் காலை ஊன்றினாலும் அவ்வளவாக அடைத்துக்கொள்ளாது. இதிலேயே, குதிகாலைத் திருப்பினால் மட்டும் கழல்வது ஒரு ரகம். சற்று மேலே இழுத்தாலும் கழல்வது, எஸ்.ஹெச். 56 என்பது, இன்னொரு ரகம். நான் வாங்கியது இரண்டாவது. பந்தயக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். காலைப் பிடித்துக் கட்டினால் மிதிக்கிற சக்தி பெருகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். நிதானமாக ஓட்டுபவர்களுக்கு அப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றுதான் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கால் வழுக்காது, ஒரே இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் போகிறவர்களுக்கு இந்தச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவு வேண்டவே வேண்டாம். அகலப் பெடல் போதும். ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்குத்தான் இந்த யோசனை எல்லாம்.

ஷூ வாங்கும்போது பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் உள்ளங்கால் வளைவு தாழ்ந்து பாதம் சற்று நீண்டுவிடுவதுண்டு. பிரசவத்துக்குப் பிறகும் பலருக்கு அது பழையபடி திரும்புவதில்லை. கல்யாணத்துக்கு முந்திய அளவை நம்பாமல் புதிதாக அளந்து பாருங்கள். அதுவும் சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது. பிறகு மெட்டி! இந்த ஷூவின் அடி வளையாது, முன்பக்கம் இறுக்கம். பத்து கிலோமீட்டருக்குள் மெட்டி பக்கத்து விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. மாமியாரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "விரல் புண்ணானா யாருக்கு லாபம்? கழட்டிட்டுப் போ, வந்து குளிச்சிட்டுப் போட்டுக்கோ" என்றார். அவர் இத்தனை சுலபமாகச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பெடலை மாற்றுகிறவர்களுக்கு: இடது பெடலின் மரை எதிர்த்திசை. வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அலன் கீயால் ஆகக் குறைந்ததில் வைத்தேன். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு காலுக்கு ஐம்பது தடவை. ஒரு வாரம் இதே வேலை. "அம்மா டக் டக்" என்று சின்னவன் பக்கத்தில் நின்று எண்ணினான். நிற்கப் போகிற இடத்துக்கு நாலைந்து மிதி முன்பாகவே இடது காலைக் கழற்றிவிடப் பழகிக்கொண்டேன். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். சாய்ந்தாலும் மண்தரைப் பக்கம் சாய வேண்டும், லாரிப் பக்கம் சாயக் கூடாது. வாசலில் இதைச் செய்து காட்டிய பிறகுதான் அவர் தலையசைத்தார். அதுவும் கம்பெனி ரோடு வேண்டாம், வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு மட்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்றாவது ஞாயிறு வலது முட்டியின் வெளிப்பக்கம் ஒரு வலி கிளம்பிற்று. எந்த முட்டிக்காக இத்தனையும் செய்தேனோ அதே முட்டி! கடைக்காரப் பையன் இரண்டு க்ளீட்டையும் அளவு வைத்தாற்போல் நேராக முடுக்கியிருந்தான். மேஜை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், என் வலது பாதம் இயற்கையிலேயே கொஞ்சம் வெளியே பார்க்கிறது. அதை ஒரு மணி நேரம் நேராகப் பூட்டி மிதித்தால் முட்டி என்ன செய்யும்? க்ளீட்டின் மூக்கை ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பினேன். பாதம் தன் இஷ்டப்படி வெளியே பார்த்தது. பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு நேராக இருந்ததைச் சற்றே குதிகால் பக்கம் தள்ளியும் வைத்தேன். கெண்டைக்காலுக்கு வேலை குறைந்தது. இரண்டு வாரத்தில் வலி போயிற்று. முட்டியின் முன்பக்கம் வலித்தால் மட்டும் க்ளீட்டைத் தொடாமல், சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

க்ளீட் தேய்ந்து மாற்றும்போது இந்த இடம் மறந்துபோகும் அல்லவா? மகளின் மெரூன் நகப்பூச்சை எடுத்து, ஷூவின் அடியில் தகட்டைச் சுற்றிக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். பாதி புட்டி காலியாகிவிட்டது என்று அவளுக்குத்தான் கோபம்.