வடகரையில் மறுமை

வைகைப் பாலத்தைத் தாண்டி வடகரைக்கு வந்ததும் கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடம் தெரிகிறது. அழகர்மலையில் வெட்டிக் கொண்டுவந்த ஒரே கல்லில் ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரும் அதே மலையிலிருந்துதான் புறப்பட்டு வந்து, பக்கத்து ஆழ்வார்புரத்தில் ஆற்றில் இறங்குகிறார். செத்தபின் மனிதன் என்ன ஆகிறான் என்ற கேள்விக்கு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு பதில்கள் ஒரே மலையிலிருந்து வந்து ஒரே கரையில் நிற்கின்றன.

நான் பினாங்குக்காரன். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் காகித வீடும் காகிதக் காரும் செய்து, போனவர்களுக்கென்று எரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அக்கா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது, அவளுக்கு எதையாவது அனுப்ப என்னிடம் விலாசமே இல்லையே என்று நெஞ்சு அடைத்தது. மறுபிறவி உண்மையென்றால், அவள் இந்நேரம் எந்த வீட்டுத் தொட்டிலிலோ என்னை மறந்து கிடப்பாள். அந்த நினைப்புதான் என்னை மதுரைவரை இழுத்து வந்தது.

தர்காவில் சுல்தான் அலாவுதீன், சுல்தான் சம்சுதீன் இருவரும் அடக்கமாகியிருக்கிறார்கள். மூன்றாமவரான சுல்தான் ஹபீபுதீனின் கபர் கண்ணுக்குத் தெரியாது. அவரைக் காயிபு சுல்தான் என்கிறார்கள். பச்சைப் போர்வையின்மேல் மல்லிகைச் சரங்கள் கனத்துக் கிடந்தன. நெற்றியில் குங்குமத்தோடு ஒரு பெண், கைக்குழந்தைக்கு ஓதி ஊதச் சொல்லிக் காத்திருந்தாள். இஸ்லாத்தில் மறுபிறவி கிடையாது. இறந்தவர் கியாமத் என்ற இறுதித் தீர்ப்பு நாள்வரை பர்ஸக் எனும் இடைநிலையில் இருக்கிறார். இறைநேசர்களான அவ்லியாக்கள் கபரில் இருந்தபடியே கேட்கிறார்கள் என்பது தர்காவுக்கு வருகிறவர்களின் நம்பிக்கை. அதை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. எனக்கோ தர்காவுக்கு வந்தவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. போய் நிற்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

மறுநாள் வண்டியூர், தேனூர் மண்டபம். துர்வாசரின் சாபத்தால் தவளையாகிப் போன சுதபஸ் முனிவர், மண்டூக முனிவராக வைகைக் கரையில் தவம் கிடந்தார் என்பது கதை. கருட வாகனத்தில் வரும் அழகர் அவருக்கு மோட்சம் கொடுக்கிறார். சர்க்கரை நிரப்பிய சொம்பை வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றிப் பிடித்திருந்த கைகளுக்கு நடுவே நானும் நின்றேன். அப்போது அந்த மோட்சத்தின் அடையாளமாக நாரையைப் பறக்கவிட்டார்கள். அது தாழ்வாகத் தடுமாறி, கூட்டத்தின் தலைகளை உரசுவதுபோல் போய், பிறகு சட்டென்று மேலே ஏறியது. பக்கத்தில் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"போய்ட்டாருய்யா. இனி அவருக்குப் பொறப்பே இல்ல."

"அது சந்தோஷமா ஆத்தா?"

"பின்ன? பொறந்து பொறந்து எத்தன தடவதான் சாகுறது?"

மறுபிறவியை இன்னொரு வாய்ப்பு என்று நினைத்து, அதில் ஆறுதல் தேடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இந்த மண்ணிலோ அது தீர வேண்டிய நோய். தவளைப் பிறவியோடு சேர்த்து எல்லாப் பிறவியும் போக வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை கூட்டமும் சூடமும்.

கீழக்குயில்குடி சமணர்மலையில் இன்னும் கறாரான பதில் இருக்கிறது. செட்டிப்புடவுக் குகையில் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் அசையாமல் அமர்ந்திருக்கின்றன. சமணத்தில் மோட்சத்தை எந்தக் கடவுளும் கொடுத்துவிட முடியாது. உயிரில் ஒட்டிய வினையை அவரவர் தவத்தால்தான் உதிர்க்க வேண்டும். அதுவரை, இறந்த உயிர் கணப்பொழுதில் அடுத்த உடலுக்குப் போய்விடுகிறது. திதி கொடுப்பதற்கோ சோறு படைப்பதற்கோ அங்கே இடமில்லை. வெயிலில் காய்ந்த அந்தப் பாறையில் உட்கார்ந்தபோது, எனக்கு அந்தத் தெளிவு பிரமிப்பாகவும் தாங்க முடியாததாகவும் இருந்தது.

சமணத்தில் இருந்துவிட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரை அங்கே நினைத்துக்கொண்டேன். தில்லையில் ஆடுகிறவனின் தூக்கிய பாதத்தைக் காணக் கிடைத்தால், மனிதப் பிறவியும் வேண்டியதே என்று பாடியவர் அவர். காண ஒன்று இருக்கிறதென்றால் திரும்பி வரலாம் என்ற அவருடைய பக்கம்தான் நான். வண்டியூரில் அந்தப் பாட்டியைப்போல என்னால் வேண்டிக்கொள்ள முடியவில்லை. அக்காவுக்கு இன்னொரு பிறவி கொடு, அதிலும் எனக்கு மூத்தவளாகவே கொடு என்றுதான் அழகரிடம் கேட்டேன்.