ஸ்பீக்கர் பெட்டிக்கு மரம்: ஓர் ஆண்டின் நாட்குறிப்பு

ஜனவரி, நியூ ஜெர்சி

ஸ்பீக்கர் பெட்டியின் முதல் கடமை அதிராமல் நிற்பது. பேஸ் ஒலி தரும் ஊஃபரின் கூம்போடு சுவர்களும் சேர்ந்து அதிர்ந்தால், பாடகர் குரலில் பெட்டியின் குரலும் கலந்துவிடும். விறைப்பாகவும், பருவம் மாறினாலும் அளவு மாறாமலும் நிற்கும் பலகைதான் இதற்குத் தேவை.

முழு மரப் பலகை இந்தச் சோதனையில் தேறுவது கடினம். நியூ ஜெர்சி வீடுகளில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அப்போது மரத்துக்குள் இருக்கும் ஈரம் சுமார் 6 விழுக்காடு. கோடையில் பேஸ்மென்ட் காற்றில் 65 விழுக்காடு ஈரம் இருந்தால் மரத்தில் அது 12 ஆகும். இந்த ஏற்ற இறக்கத்தில் 30 செ.மீ. அகலமுள்ள ரெட் ஓக் பலகை 5 மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கும். மூலை ஒட்டு விட்டுக் காற்று கசிந்தால், மூடிய பெட்டியின் பேஸ் கெட்டுப்போகும். இதே மாநிலத்தின் கேம்டன் நகரில் விக்டர் நிறுவனம் 1906 முதல் தயாரித்த விக்ட்ரோலா இசைப்பெட்டிகள் பலவற்றிலும் மஹாகனி, வெனீர் என்னும் மெல்லிய மரச் சீவலாகவே மேலே ஒட்டப்பட்டிருந்தது. உறுதிக்கு உள்ளே ஒரு பலகை, அழகுக்கு மேலே ஒரு மரம் என்ற வழி அவ்வளவு பழையது.

பிப்ரவரி, நியூ ஜெர்சி

உள்பலகைக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். மலிவு, முகம் வழவழப்பு, வெனீர் ஒட்ட அதைவிட நல்ல தளம் இல்லை. ஆனால் எடை அதிகம்: முக்கால் அங்குல முழு ஷீட் 100 பவுண்டை நெருங்கும். வெட்டிய ஓரம் ஈரம் பட்டால் ஊதிவிடும். ஓரத்தில் ஸ்க்ரூ போட்டால் பிளக்கும். பால்டிக் பர்ச் பிளைவுட் எடை குறைவு, விறைப்பு அதிகம், ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும். ஆனால் 2022-இல் ரஷ்யச் சரக்குக்கு அமெரிக்க வரி கூடியபின் விலை ஏறிவிட்டது.

பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் எடையும் இரட்டிப்பாகிவிடும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, பெரிய சுவரைச் சமமில்லாத பகுதிகளாகப் பிரிப்பது சிக்கனமான வழி. பி.பி.சி. பொறியாளர்கள் நேரெதிர்த் திசையில் போனார்கள். எல்.எஸ். 3/5ஏ மானிட்டர் ஸ்பீக்கருக்கு 12 மி.மீ. பர்ச் பிளைவுட்டே போதுமென்று வைத்து, உள்பக்கம் தாரடித்த அட்டையால் அதிர்வை அடக்கினார்கள். இரண்டு வழியும் செல்லும்; அதிர்வைக் கவனிக்காமல் விடுவதுதான் செல்லாது.

ஏப்ரல், பே ஏரியா

எம்.டி.எஃப். பலகையின் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 2007-இல் இதற்கு வரம்பு விதித்தது. அதன் இரண்டாம் கட்டப்படி எம்.டி.எஃப்.புக்கு உச்சவரம்பு 0.11 பி.பி.எம். 2018 ஜூன் முதல் இதற்கு இணையான விதி நாடு முழுவதற்கும் வந்தது. படுக்கையறைக்குப் போகும் பெட்டி என்றால், பலகையில் இந்த வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அறுக்கும் தூள் மிக நுண்ணியது; முகமூடியும் தூசி உறிஞ்சியும் கட்டாயம்.

ஜூன், பே ஏரியா

வெனீரிலும் இரண்டு வகை. வெறும் வெனீர் ஏறத்தாழ 0.6 மி.மீ. கனம், அடுத்தடுத்துச் சீவிய தாள்களைப் புத்தகம்போல் விரித்துச் சேர்த்தால் ரேகைகள் இருபுறமும் ஒத்து நிற்கும். காகிதம் ஒட்டிய வெனீர் அகலமாகவே கிடைக்கும், கீறாது, நெளியாது, புதியவருக்கு ஏற்றது. வால்நட், செர்ரி எளிதில் ஒட்டும். தேக்கில் எண்ணெய் அதிகம். பசை தடவுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிக்காது. நீலகிரி ஈட்டி உட்பட அந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ஊரிலிருந்து ஈட்டி வெனீர் கொண்டுவர விரும்புவோர் அனுமதிச் சீட்டை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட், ஹூஸ்டன்

பசையைத் தீர்மானிப்பது வானிலை. கான்டாக்ட் சிமென்ட் உடனே பிடிக்கும், ஆனால் என்றும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். டெக்ஸாஸ் வெயிலில் கராஜ் கொதிக்கும்போது, வெறும் வெனீர் அதன்மேல் நகர்ந்து கொப்புளம் விடும். காகித வெனீருக்குக் கான்டாக்ட் சிமென்ட் போதும்.

இஸ்திரி முறைக்குச் செலவு குறைவு. மஞ்சள் பசையைப் பலகையிலும் வெனீரிலும் தடவிக் காயவிட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்த வேண்டும். பசை இளகி மீண்டும் இறுகும். பிறகு நகத்தால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டாத இடம் பொள்ளென்று ஒலிக்கும்; அங்கே மறுபடி சூடு காட்டலாம். சூட்டில் வெறும் வெனீர் சுருங்குவதால் இணைப்புகளில் இடைவெளி விழக்கூடும். யூரியா பிசின் பசையும் வேக்குவம் பையும் சேர்ந்தால் உறுதி மிகும். அந்தப் பசை காய்ந்தபின் வெப்பத்தில் இளகாது.

எந்த முறையானாலும் பெட்டியாகக் கூட்டுமுன் தனிப் பலகையில் ஒட்டுவதானால் இருபுறமும் ஒட்ட வேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும்.

அக்டோபர், ஹூஸ்டன்

கூட்டிய பெட்டியில் எம்.டி.எஃப். இணைப்புகள் முழுதாகக் காய்ந்து அடங்க வாரக்கணக்கில் விட்டு, தேய்த்துச் சமப்படுத்திய பிறகே வெனீர் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் இணைப்புக் கோடு சில மாதங்களில் வெனீரின் மேல் எழும். அடி, பின்புறம், பக்கங்கள், மேல், கடைசியில் முகப்பு என்ற வரிசையில் ஒட்டினால் விளிம்புகள் பார்வையில் படாது.

முகப்பின் கூர்விளிம்பில் ஒலி சிதறும், பிரின்ஸ்டனில் ஆர்.சி.ஏ. ஆய்வாளர் ஹாரி ஓல்சன் 1951-இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அந்த விளிம்பில் முழு மரச் சட்டம் பதித்து உருட்டிவிடலாம். டெக்ஸாஸின் மெஸ்கீட் மரம் அதற்குப் பொருத்தம்: பச்சையிலிருந்து முழுதும் உலரும்வரை குறுக்கில் அது சுருங்குவது 3 விழுக்காடு அளவே, ரெட் ஓக் 8.6 விழுக்காடு சுருங்கும்.

வெனீர் காய்ந்தபின் ரூட்டரால் ஓரம் வெட்டி, ஸ்பீக்கர் துளைகளைத் திறந்து, 180, 220 எண் உப்புத்தாளால் ரேகை வாக்கில் கையாலேயே தேய்க்க வேண்டும். மெஷின் வைத்தால் மெல்லிய வெனீர் நொடியில் தேய்ந்து, எம்.டி.எஃப். வெளியே தெரிந்துவிடும். எண்ணெயோ பாலியூரித்தேனோ இரண்டு மூன்று பூச்சு பூசி, முழுதாகக் காய்ந்தபின் ஸ்பீக்கர்களைப் பொருத்தலாம்.