மூக்குத்தி காத்திருக்கட்டும்

வீட்டில் எந்த விசேஷமானாலும் குரூப் போட்டோவில் அவள் ஓரமாகத்தான் நிற்பாள். வலது கன்னம் மட்டும் தெரியும்படி லேசாகத் திரும்பிக்கொள்வாள். இடது பக்கம் மூக்கு சப்பையாகச் சரிந்திருக்கும். பிறக்கும்போதே உதட்டிலும் அன்னத்திலும் பிளவு.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்று அப்பத்தா அன்றைக்குச் சொன்னது, அம்மாவின் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவில் உதடு கூடிவருவது 7-வது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருப்பதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும். ஒரு டாக்டர் சொல்லி, அம்மா அதை நம்புவதற்குள் மகள் ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டாள்.

3-வது மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். அப்போதே மூக்கையும் கொஞ்சம் தூக்கி வைத்தார்கள். 1 வயதில் அன்னம். 9 வயதில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறில் இருந்த இடைவெளியை அடைத்தார்கள். அடித்தளம் இல்லாமல் மூக்கு எதன்மேல் நிற்கும்? ஆனால், மூக்கை முழுசாகச் சரிசெய்வதற்கு மட்டும் "முகம் வளர்ந்து முடியட்டும்" என்றார்கள். மூக்கின் நடுவில் இருக்கும் குருத்தெலும்பு வளர்வதை ஒட்டித்தான் முகத்தின் நடுப்பகுதியும் வளர்கிறது. அவசரப்பட்டு அங்கே கத்தி வைத்தால் அந்த வளர்ச்சியே தடைப்படலாம். பெண்பிள்ளைகளுக்கு 15, 16 வயதுவரை பொறுக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக.

வகுப்பில் பட்டப்பெயர் வைக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன? ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடமே போகவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "பொம்பளப் பிள்ளை டாக்டர்... நாளைக்கு நாலு பேர் பொண்ணு பார்க்க வருவாங்க."

டாக்டரம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னம்மா மாறணும்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். "ராத்திரி இந்தப் பக்கம் மூச்சு வரணும். அது வராமத்தான் வாயைத் திறந்துட்டே தூங்குறேன்."

மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது அம்மாவுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

வளைந்திருக்கும் நடுத்தண்டை நேராக்கி, விலாப்பக்கத்துக் குருத்தெலும்பில் ஒரு துண்டு எடுத்து மூக்குக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி வராது. உதட்டுத் தழும்பும் இருக்கத்தான் செய்யும். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம்." அம்மாவின் முகம் வாடிவிட்டது. மகள்தான், "இந்த லீவுலயே பண்ணிடலாமா டாக்டர்?" என்று தேதி கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பத்தா தன் பழைய வைர மூக்குத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பொறு அப்பத்தா, ஒரு வருஷம் போகட்டும். குத்தணுமா வேண்டாமான்னு அப்ப நான் சொல்றேன்."

மூக்குத்தி பீரோவில் இருக்கிறது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்துபோய், மகள் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாளா என்று அம்மா பார்த்துவிட்டு வருகிறார்.