அரியர் பயம் காட்டும் மூன்று பேப்பர்கள்
பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களைத் தூங்கவிடாத பேப்பர்கள் மூன்று: மின்காந்தவியல், குவாண்டம், வெப்ப இயக்கவியல்.

மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கே நான்குதான். ஆனால், வெக்டர் கால்குலஸ் கைவராமல் அவற்றைத் தொடுவது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்குவது மாதிரி.

1926-ல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு தந்தார். அதில் கிடைப்பது நிகழ்தகவுதான் என்றார் மாக்ஸ் பார்ன். பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பழகிய மனசு இங்கே திணறுகிறது. வெப்பநிலைக்குத் தெர்மாமீட்டர் உண்டு. என்ட்ரோபிக்கு அப்படி ஒரு கருவி இல்லை.

தமிழ்வழியில் படித்துவந்த மாணவிக்கு ஆங்கிலப் பாடநூலும் சேர்ந்துகொள்கிறது. முதல் அரியரிலேயே, 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறாள். உண்மையில் விட்டுப்போனது கொஞ்சம் கணக்குதான். அதை செமஸ்டர் லீவில் பிடித்துவிட்டால், பாதி பயம் போய்விடும்!