காட்டுக்குப் போகச் சீட்டு எங்கே?

2025 மாசியில் அக்கா மகள் நாலு தோழிகளோடு அட்டுவம்பட்டிக்கு வந்து இறங்கினாள். முதுகில் கூடார மூட்டை! "சித்தி, ராத்திரி காட்டிலே தங்கப் போறோம். ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்" என்றாள்.

"அனுமதிச் சீட்டு?"

"அதான் இ-பாஸ் இருக்கே!"

அது, வண்டி கொடைக்கானலுக்கு ஏற 2024 மே முதல் கேட்கிற சீட்டு. காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேறு. படித்த பெண்கள்தான், இந்த வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குப் பகீரென்றது. 2018 மார்ச் 11, இதே மாசி மாதம்தான், குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் மாண்டார்கள். பலர் இவள் வயதுப் பெண்கள். அனுமதி வாங்கிய பாதையை விட்டு வேறு வழியில் போனதாக அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். எத்தனை பேர், எந்த வழி என்று கீழே ஒருவருக்கும் தெரியாவிட்டால் யார் வந்து தேடுவது?

அவளுக்கு ஒரே கோபம். சரி, முறைப்படியே போகலாம் என்று இணையத்தில் பார்த்தாள். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளையும், தீப்பிடிக்கும் காலம் என்று பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதம் மூடியிருந்தார்கள். கடைசியில் எங்கள் கொல்லையில்தான் கூடாரம். நடுராத்திரி கதவு தட்டுகிற சத்தம்: "சித்தி, சுக்குக் காப்பி கிடைக்குமா?"

மார்கழியில் மறுபடி வந்தாள். வட்டக்கானல் – வெள்ளகவி பாதைக்கு முன்பதிவு, துணைக்கு வழிகாட்டி. பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"போகையிலே தலையை எண்ணினாங்க, வந்ததும் எண்ணினாங்க சித்தி" என்றாள்.